முள்ளும் நெல்லும்: ஷஹ்னூன் அஹ்மத் என்ற மலாய் நாவலாசிரியர்

மலாய் மொழி எமக்கு அந்நியமான மொழியல்ல. 1869ஆம் ஆண்டிலேயே பாபா உனுஸ் சல்தீன் என்பார் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை ஜாவி எழுத்தில் கல்லச்சில் வெளியிட்டிருக்கிறார். அறிஞர் சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' வருவதற்குப் பதின்மூன்று வருடங்கள் முந்திய சங்கதி இது. இருந்தும் மாஸ்கோப் பதிப்பகங்களின் தயவில் ரஷ்ய விவசாயியை அறிந்துகொண்ட அளவுக்கு மலாய் விவசாயியை நாம் அறிந்துகொள்ளவில்லை. அவனும் எம்மைப் போலவே நெல் விதைப்பவன். சுபஹுத் தொழுகை முடிந்து வயலுக்குப் போகிறவன். மழை பிந்தினால் எந்த வார்த்தைகளால் நாம் துஆக் கேட்கிறோமோ அதே வார்த்தைகளால் கேட்கிறவன். அவனை உலக இலக்கியத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர் ஷஹ்னூன் அஹ்மத்.

மலேசியாவின் வடக்கே கெடா மாநிலம். எமது பழைய இலக்கியங்களும் சோழர் கல்வெட்டுகளும் கடாரம் என்று சொல்லும் அதே நிலம். அதன் சமவெளிப் பகுதி மலேசியாவின் நெற்களஞ்சியம். ஆனால் ஷஹ்னூன் பிறந்த சீக் மாவட்டம் உள்நாட்டில், காடும் குன்றும் சூழ்ந்த வறிய பகுதி. அங்கே பங்குல் டெர்டாப் என்ற சிற்றூரில் 1933 ஜனவரி 13ஆம் திகதி அவர் பிறந்தார். ஊர் மலாய்ப் பாடசாலையில் ஆரம்பக் கல்வி; பின்னர் அலோர் ஸ்டார் நகரில் சுல்தான் அப்துல் ஹமீத் கல்லூரியில் ஆங்கிலக் கல்வி. சிறிது காலம் இராணுவத்திலும் இருந்துவிட்டு ஆசிரியத் தொழிலுக்கு வந்து சேர்ந்தார். 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1960களின் கடைசி வரை கெடாவின் பாடசாலைகளில் படிப்பித்தவர் அவர். பிற்காலத்தில் பேராசிரியர், தேசிய இலக்கியவாதி, பாராளுமன்ற உறுப்பினர் என்றெல்லாம் பட்டங்கள் வந்து சேர்ந்தன. ஆனால் அவரது மிகச் சிறந்த நாவல்கள் என்று நான் கருதுகின்றவை அவர் பாடசாலை ஆசிரியராக இருந்த வருடங்களில் எழுதப்பட்டவையே. இதைச் சொல்வதில் ஓர் ஆசிரியனான எனக்குக் கொஞ்சம் சுயநலமும் உண்டுதான்.

மலாய் நவீன இலக்கியத்தின் வரலாற்றைப் படிக்கும்போது ஒரு விடயம் கண்ணில் படாமல் போகாது. அது பெரும்பாலும் கிராமத்து ஆசிரியர்களால் உண்டாக்கப்பட்ட இலக்கியம். 1922இல் தஞ்சோங் மாலிமில் பிரித்தானியர் சுல்தான் இத்ரீஸ் ஆசிரியர் கலாசாலையை நிறுவினர். கிராமத்து மலாய்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, கூடவே தோட்டவேலையும் கூடை முடைதலும் பழக்கக்கூடிய ஆசிரியர்களை உருவாக்குவதே அதன் நோக்கம். தகப்பனை விடக் கொஞ்சம் கெட்டிக்கார விவசாயியாக மகன் வந்தால் போதும் என்பது வெள்ளைக்காரரின் கணக்கு. அந்தக் கலாசாலையிலிருந்தே தேசியவாதிகளும் பத்திரிகையாளரும் எழுத்தாளரும் வெளியே வந்தனர். ஷஹ்னூன் அங்கு பயின்றவரல்லர். ஆனால் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பிய பின் 1970களின் முற்பகுதியில் அங்கே விரிவுரையாளராக இருந்திருக்கிறார். அதன் பிறகு பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1982இல் மலாய் இலக்கியப் பேராசிரியரானார். அதே ஆண்டில்தான் மலேசியாவின் 'சாஸ்தெராவான் நெகாரா' அதாவது தேசிய இலக்கியவாதி விருதும் கிடைத்தது. 1981இல் கெரிஸ் மாஸ் முதலாமவர்; ஷஹ்னூன் இரண்டாமவர்.

தொடக்க காலக் கதைகளில் நகரத்துச் சபலங்களையும் ஆண் பெண் ஒழுக்கக் கேடுகளையும் எழுதியவர், 1965இல் 'ரெந்தோங்' நாவலுடன் தன் ஊருக்குத் திரும்பினார். அடுத்த வருடம், 1966இல், 'ரஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்' வெளிவந்தது. ரஞ்சாவ் என்பது எதிரியின் காலைக் கிழிப்பதற்காகப் பாதையில் நட்டு மறைத்து வைக்கப்படும் மூங்கிற் கூர்முளை. வழி நெடுகிலும் கூர்முளைகள் என்பது தலைப்பின் பொருள். 1972இல் அதீபா அமீன் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது 'முள்ளைத் தவிர வேறு அறுவடை இல்லை' என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். அச்சொற்கள் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞரும் பாதிரியாருமான ஜோர்ஜ் ஹெர்பேர்ட்டின் கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. கடவுளுக்கு அடிபணிந்து அலுத்துப்போய்க் கத்துகின்ற ஒரு மனிதன், கடைசியில் அந்தக் கத்தலின் நடுவிலேயே அடங்கிப்போகிற கவிதை அது. அதீபா அமீன் தாமும் நாவலாசிரியர். நாவலின் உள்நாடி எது என்பதைப் பிடித்துக்கொண்டே இத்தலைப்பைத் தேர்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நானும் இந்த நாவலை ஆங்கில வழியாகவே படித்தவன். மலேசியாவில் படித்துவிட்டு வந்த நண்பர் ஒருவரின் புத்தகம். அவர் மலாய் மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில இடங்களை வாசித்துக் காட்டினார். ஒரே சொல்லை, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிச் செல்லும் நடை. கெடாப் பேச்சுவழக்கின் ஓசை. ஆங்கிலத்தில் இது சிறிது தணிந்துபோயிருக்கிறது என்பது காதுக்கே தெரிந்தது.

கதை மிகச் சிறியது. லாஹுமா, அவன் மனைவி ஜேஹா, ஏழு பெண்பிள்ளைகள். ஆண்பிள்ளை கிடையாது. ஒரு போகத்துக்கான வேலை தொடங்குகிறது. லாஹுமாவின் காலில் சேற்றுக்குள் கிடந்த நிபோங் பனையின் முள் ஏறுகிறது. முதலில் அது ஒரு பொருட்டல்ல. விவசாயியின் காலில் முள் ஏறாமல் வேறு யார் காலில் ஏறும்? ஆனால் கால் வீங்குகிறது. சீழ் பிடிக்கிறது. வீக்கம் உடம்பெல்லாம் பரவுகிறது. அவன் மௌத்தாகிறான். பிறகு ஜேஹா தனியாக வயலில் இறங்குகிறாள். நண்டுகள் படையெடுத்து வந்து இளம் நாற்றுக்களை வெட்டுகின்றன. கதிர் வந்தால் குருவிக் கூட்டம். ஜேஹாவின் புத்தி பேதலிக்கிறது. மூத்த மகள் சானா தங்கைமாரைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறாள்.

இவ்வளவுதான். இதைச் சொல்லக் கேட்டால் கண்ணீர்க் கதையென்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லாமற் செய்வது ஷஹ்னூனின் பொறுமை. முள் ஏறியதிலிருந்து லாஹுமாவின் மரணம் வரை எத்தனை பக்கங்கள்! நிறம் மாறும் தோல், நாற்றம், நாட்டு வைத்தியம், அதற்கிடையில் படுக்கையில் கிடந்துகொண்டே வயலில் இன்று எந்த வேலை நடந்திருக்க வேண்டும் என்று அவன் போடும் கணக்கு. நாள் தவறினால் நாற்று முற்றிவிடும். நீர் வடிந்துவிடும். உடம்பு அழுகுகிறதைவிட இந்தக் கணக்குப் பிசகுவதே அவனை வதைக்கிறது. எம் பகுதியில் வீசி விதைப்பதே பெரும்பாலும் வழக்கம். அங்கு நாற்று நடுகை. ஆனால் இந்தக் கணக்கு எந்த வட்டையிலும் ஒன்றுதான். வெள்ளாமைக்காரனின் மனம் எப்போதும் அடுத்த பதினைந்து நாளில்தான் வாழும் என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதிய இன்னொருவரை நான் படித்ததில்லை.

நண்டுகளோடு ஜேஹா போராடும் பகுதி இந்த நாவலின் உச்சம். மனிதர் மீது விலங்குகள் தாக்குவதைச் சித்திரிக்கும் எழுத்துக்கள் நிறைய உண்டு. அவற்றில் புலி வரும், யானை வரும். இங்கே வருவது வரம்பைத் துளைக்கின்ற சாதாரண வயல் நண்டு. ஒன்றை மிதித்துக் கொல்லலாம். பத்தைக் கொல்லலாம். கொன்றுகொண்டே இருக்கையில் அந்தப் பெண்ணின் மனத்துள் ஏதோ அறுந்துபோகிறது. அது எந்தக் கணத்தில் அறுந்தது என்று ஆசிரியர் சுட்டிக்காட்டுவதில்லை. நாம் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் போய்த் தேடவேண்டியிருக்கிறது.

இந்த நாவலைப் பற்றிய பெரிய குற்றச்சாட்டு ஒன்றுண்டு. விதிவாதம். ஆயுளும் ரிஸ்க்கும் அல்லாஹ்வின் பொறுப்பில் என்ற நினைப்பு நாவலின் முதற் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. பின்னர் பல்லவி மாதிரித் திரும்பத் திரும்ப வருகிறது. மலாய் விவசாயியைச் செயலற்றவனாக, அடிபட்டு அடிபட்டுச் சாகிறவனாகக் காட்டிவிட்டார் என்று முற்போக்கு விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். நிலத்தை ஈடுபிடிக்கிறவனும் கடைக்காரனும் அரசாங்கமும் நாவலில் நிழலாகவே தலைகாட்டுகிறார்கள். எதிரியாக முன்னுக்கு வந்து நிற்பது முள்ளும் நண்டும் குருவியும். ஆகவே சுரண்டலை இயற்கையின் தலையில் போட்டுவிட்டார் என்பது வாதம்.

இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் லாஹுமா 'கழாக் கத்ர்' என்று சொல்லிவிட்டுக் கைகட்டி உட்காரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அவ்வார்த்தையைச் சொல்லிக்கொண்டே அவன் விடியுமுன் வயலுக்குப் போகிறான். ஜேஹாவும் போகிறாள். பாடசாலையில் இருக்கவேண்டிய வயதுப் பிள்ளைகளும் முழங்கால் சேற்றில் நிற்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியை எமது மௌலவிமார் மிம்பரில் சொல்வார்கள். கட்டியும் ஒட்டகம் போய்விட்டால் என்ன என்பதை யாரும் சொல்வதில்லை. லாஹுமா கட்டினான்; போய்விட்டது. அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒரு முஃமின் என்ன சொல்வான் என்பதைத்தான் ஷஹ்னூன் எழுதியிருக்கிறார். திரும்பத் திரும்ப வரும் அந்த வாக்கியம் முதல் தடவை நம்பிக்கையாக ஒலிக்கிறது. நடுவில் களைத்துப்போனவனின் மூச்சாக ஒலிக்கிறது. ஜேஹா பேதலித்த பிறகு ஏறத்தாழ ஒரு கேள்வியாக ஒலிக்கிறது. சொற்கள் மாறவில்லை. கேட்கிற எமது காதுதான் மாறிவிட்டது. விதிவாதம் என்ற ஒற்றைச் சொல்லால் இதைக் கடந்துவிட முடியாது.

'ரெந்தோங்' வேறு வகை. எரிந்து கரியாதல் என்பது பொருள். ஹரி அவெலிங் இதை ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். ஊருக்கு இருபோக வேளாண்மைத் திட்டம் வருகிறது. எல்லோரும் சேர்ந்தால்தான் திட்டம் நடக்கும். ஒரு குடும்பம் மட்டும் மறுக்கிறது. அக்குடும்பத்தின் முரட்டு இளைஞன் செமாவுன். ஊர்த் தலைவர் பாக் செனிக், கோபக்காரர்களுக்கு நடுவில் பொறுமையை மாத்திரம் ஆயுதமாக வைத்துக்கொண்டு நிற்கிறார். 'ரஞ்சாவ்' நாவலோடு ஒப்பிட்டால் இது சற்றுப் பாடப்புத்தகத்தனமானது. பாக் செனிக் சில இடங்களில் அரசாங்க உத்தியோகத்தர் போலப் பேசிவிடுகிறார். ஆயினும் ஸப்ர் என்பதை ஒரு பாத்திரத்தின் நடத்தையாகக் காட்டிய விதம் நன்று. நடந்த வரலாற்றையும் இத்துடன் சேர்த்து யோசிக்கலாம். மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1966இல் தொடங்கி 1970இல் நிறைவுபெற்றுக் கெடாச் சமவெளியை இருபோக நிலமாக்கியது. மூடா அணை ஷஹ்னூனின் சீக் மாவட்டத்திலேயே இருக்கிறது. நீர் போவது கீழே சமவெளிக்கு. அடுத்த பத்து வருடங்களில் அறுவடை இயந்திரங்கள் வந்து ஏழைகளின் கூலி வேலையைப் பறித்ததை, 1978 முதல் 1980 வரை கெடாக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்த அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்கொட் விரிவாக எழுதினார். பாக் செனிக் அன்று நம்பிய திட்டம் யாருக்கு என்ன கொடுத்தது என்ற கேள்வியோடு இன்று 'ரெந்தோங்'கைப் படித்தால் அது ஆசிரியர் எண்ணாத ஒரு துயரத்தையும் பெற்றுவிடுகிறது.

1973இல் வந்த 'ஸ்ரெங்கெங்கே'யில் ஒரு குன்றே கதாநாயகன். அதை எரித்துத் துப்புரவாக்கி நிலமாக்க இமாம் ஹமாத் விரும்புகிறார். அங்கே கண்ணி வைத்துப் பறவை பிடிப்பதில் உயிரை வைத்திருக்கும் அவாங் ச்சிக் தேஹ் எதிர்க்கிறான். ஊராரில் பலருக்கோ குன்று பற்றிய பழைய பயங்கள். தொழுகை நடத்துகின்ற இமாமின் உள்ளத்துக்குள்ளும் இஸ்லாத்துக்கு முந்திய அந்தப் பயம் எங்கோ ஒளிந்திருப்பதை ஆசிரியர் ஒளிக்காமற் காட்டுகிறார். 'எங்கள் சமூகத்தைப் பிறர் என்ன நினைப்பார்கள்' என்று யோசித்து எழுதுகிறவரால் இது இயலாது.

1967இல் எழுதிய 'மெந்தெரி', அதாவது அமைச்சர், எனக்குச் சங்கடம் தந்த நாவல். மலாய்க்காரர் தம் சொந்த நாட்டிலேயே ஓரங்கட்டப்பட்டுவிடுவர் என்ற அச்சம் அதன் அடியில் ஓடுகிறது. தம் இனத் தலைவர்களின் ஊழலையும் சோம்பலையும் அவர் அங்கதம் செய்வது உண்மை. ஆனால் பெரும்பான்மை இனம் 'நாம் அழிந்துபோவோம்' என்று பயப்படத் தொடங்கினால் அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பது, சிறுபான்மையாக வாழும் எமக்குச் சொல்லித்தரவேண்டிய பாடமல்ல. நாவல் வந்து இரண்டு வருடங்களில் 1969 மே 13இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. நாவலுக்கும் கலவரத்துக்கும் முடிச்சுப் போடுவது நியாயமாகாது. ஆயினும் லாஹுமாவை அவ்வளவு நெருக்கமாகக் கண்ட பேனா, பக்கத்து வீட்டுச் சீனனையோ தோட்டத்துத் தமிழனையோ அதே நெருக்கத்தில் காணவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இனி, எமது வட்டத்தில் அதிகம் பேசப்படவேண்டிய விடயத்துக்கு வருகிறேன். 1970களின் பிற்பகுதியில் ஷஹ்னூனின் சிந்தனை மாறியது. உலகெங்கும் எழுந்த இஸ்லாமிய மறுமலர்ச்சி மலேசியாவிலும் பல்கலைக்கழகங்களைப் பிடித்துக்கொண்ட காலம். அவர் தாருல் அர்க்கம் இயக்கத்தோடு நெருங்கினார். இலக்கியம் அல்லாஹ்வுக்காகவும் அதன் வழியே மனிதனுக்காகவும் எழுதப்படவேண்டியது, எழுத்து ஓர் இபாதத் என்ற கருத்தைக் கட்டுரைகளாக எழுதினார். எதிர்த்து எழுந்தவர் காசிம் அஹ்மத். கவிஞர், ஆய்வாளர், சோசலிசக் கட்சியொன்றின் தலைவராக இருந்தவர், 1976 முதல் 1981 வரை விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர். மனிதனுக்கு நன்மை தருகின்ற, உண்மையான எந்த இலக்கியமும் இஸ்லாத்துக்கு உடன்பாடானதே. தனியாக ஒரு வேலி எதற்கு என்பது காசிமின் நிலைப்பாடு. இந்த விவாதம் 1980களின் முற்பகுதி முழுவதும் மலேசிய இதழ்களில் நடந்தது. இருவரும் கெடாக்காரர். இருவரும் 1933இல் பிறந்தவர்கள். இருவரும் 2017இல் காலமானார்கள்: காசிம் ஒக்டோபரில், ஷஹ்னூன் டிசெம்பர் 26ஆம் திகதி.

இஸ்லாமிய இலக்கியம் எது, முஸ்லிம்கள் எழுதும் இலக்கியம் எது என்று 1966 மருதமுனை மாநாட்டுக் காலத்திலிருந்து நாமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். எமது பேச்சில் ஒரு குறை, அது பெரும்பாலும் வரைவிலக்கணத்தோடு நின்றுவிடும். ஷஹ்னூன் விடயத்தில் அனுகூலம் என்னவென்றால், கொள்கைக்கு முந்திய நாவலும் கொள்கைக்குப் பிந்திய நாவலும் ஒரே கையால் எழுதப்பட்டு எம்முன் கிடக்கின்றன. படித்துப் பார்த்து முடிவு சொல்லலாம். என் முடிவு காசிமுக்குச் சார்பானது. ஆனால் காசிம் சொன்ன காரணத்துக்காக அல்ல. 'ரஞ்சாவ்' எழுதியபோது ஷஹ்னூனுக்குக் கொள்கை இருக்கவில்லை. லாஹுமாவின் வாயில் அல்லாஹ்வின் நாமம் வருவது, அவனைப் போன்றவர்களின் வாயில் அது வருவதனால். பின்னாளில் கொள்கை வந்த பிறகு பாத்திரம் பேசுமுன் ஆசிரியர் பேசிவிடுகிறார். ஈமான் என்பது ஒரு மனிதனுக்குள் படும் பாட்டை முதலாவது நாவலில் பார்க்கிறோம்; பிந்தியவற்றில் அதன் விளக்கவுரையைக் கேட்கிறோம். விளக்கவுரைக்கு எம்மிடம் நல்ல கிதாபுகள் உண்டு. அதற்கு நாவல் தேவையில்லை.

ஆனால் மனிதர் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. 1988இல் 'தோக் குரு' எழுதினார். 1992இல் 'உம்மி டான் அபாங் ஷெய்குல்' என்ற நாவல் வந்தது. தலைவரின் சொல்லே வேதம் என்று ஆகிவிட்ட ஒரு மதக் குழுவையும், அதற்குள் பெண்ணொருத்தியின் நிலையையும் கூரிய அங்கதத்தோடு எழுதியிருந்தார். அர்க்கம் இயக்கத்தைத்தான் சொல்கிறார் என்று வாசகர்கள் புரிந்துகொண்டார்கள். மலேசிய அரசாங்கம் அவ்வியக்கத்தைத் தடைசெய்தது 1994இல். நாவல் வந்தது அதற்கு முன்பு. அதாவது தான் நம்பிப் போய் நின்ற ஒரு வாசலை, அரசாங்கம் பூட்டுவதற்கு முன்னரே, உள்ளிருந்து பார்த்தவன் என்ற தகுதியோடு விமர்சித்தார். ஜமாஅத்துகளின் பெயரால் ஊர் இரண்டுபட்டுக் கிடக்கும் இடங்களில் இந்த நாவலைப் படித்தால் நல்லது.

1999ஆம் ஆண்டின் 'ஷிட்' பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. தலைப்பு, மலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். முழுத்தலைப்பில் அதைவிட மோசமான மலாய் வசைச்சொல்லும் உண்டு. 1998 செப்டெம்பரில் பிரதிப் பிரதமர் அன்வர் இப்ராஹிமை மஹாதிர் முஹம்மத் பதவி நீக்கியதையும் அதன் பின் நடந்தவற்றையும் பார்த்த சினத்தில் எழுதப்பட்டது. கதை நடக்குமிடம் மனித குடல். பாத்திரங்கள் மலக்கட்டிகள். அவற்றின் தலைவன் வெளியேற மறுத்து உள்ளேயே நாறிக்கொண்டிருக்கிறான். அரசாங்கத் தரப்பு கொதித்தது. தேசிய இலக்கியவாதிப் பட்டத்தைப் பறிக்கவேண்டும் என்று குரல்கள் எழுந்தன. பட்டம் பறிபோகவில்லை. அதே வருட நவம்பரில் பாஸ் கட்சியில் போட்டியிட்டு, தன் பிறந்த மண்ணான சீக் தொகுதியில் வென்று, 2004 வரை பாராளுமன்றத்தில் இருந்தார்.

எழுத்து இபாதத் என்றவர் இப்படி எழுதலாமா என்று மலேசியாவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நஜீஸை நஜீஸ் என்று சொல்வதில் அதபுக் குறைவு என்ன இருக்கிறது என்று அவர் பக்கம் நின்றும் வாதிடலாம். எனக்குள்ள முறைப்பாடு அதபு பற்றியதல்ல. லாஹுமாவின் சீழ் பிடித்த காலை எழுதியபோது அந்த நாற்றத்துக்குள் ஒரு மனிதன் இருந்தான். 'ஷிட்'டில் நாற்றம் இருக்கிறது, மனிதன் இல்லை. ஒரு நல்ல அங்கதச் சிறுகதைக்குப் போதுமான கற்பனையை நாவலாக இழுத்திருக்கிறார். 'அன்ஜிங்-அன்ஜிங்', 'டெபு மேரா' ஆகிய 1960களின் தொகுதிகளில் அவர் எழுதிய சிறுகதைகளைப் பார்த்தவர்களுக்கு, சொல்லைச் சுருக்கத் தெரிந்தவர்தான் இவர் என்பது விளங்கும். எனினும் அரசின் உயர்ந்த பட்டத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த அரசின் தலைவரை இப்படி எழுதத் துணிந்த இன்னொரு தேசிய இலக்கியவாதியை நான் அறியேன். விருதுக்குப் பிறகு விருதுக்காரர்கள் எப்படி மாறிவிடுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பழகிய எமக்கு இது சின்ன விடயமல்ல. பழைய கதையொன்றும் இதில் கிடக்கிறது. 1974இல் சீக்குக்கு அடுத்த பாலிங் மாவட்டத்தில் இறப்பர் விலை விழுந்து பசி வந்தபோது விவசாயிகள் வீதிக்கு இறங்கினார்கள். அவர்களுக்காகக் கிளர்ந்த மாணவர் தலைவர்களுள் ஒருவராகச் சிறை சென்றவர் இதே அன்வர். ஷஹ்னூன் 1978இல் 'செலுவாங் மெனோடாக் பாவுங்' எழுதினார். சின்னஞ்சிறு செலுவாங் மீன் பெரிய கெளிற்று மீனை முட்டுகிறது என்பது தலைப்பு. லாஹுமா தனியாகச் செத்தான். அந்த நாவலில் ஏழைகள் கூட்டாக எழும்புகிறார்கள். விதிவாதி என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அதுவென்று எடுத்துக்கொள்ளலாம். நாவல் என்ற வகையில் 'ரஞ்சாவ்' அளவுக்கு அது நிற்காது.

'ரஞ்சாவ்' நாவலை 1983இல் ஜமீல் சுலோங் மலாய்ப் படமாக எடுத்தார். 1994இல் கம்போடிய இயக்குநர் ரித்தி பான் 'நெயாக் ஸ்ரெ', நெல் மக்கள், என்ற பெயரில் தன் நாட்டுக் கதையாக்கினார். கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் காட்டப்பட்டது. பொல்பொட்டின் ஆட்சியில் பெற்றோரையும் உறவுகளையும் இழந்து, 1979இல் தாய்லாந்து அகதி முகாமுக்குத் தப்பிச் சென்றவர் ரித்தி பான். யுத்தத்தில் விவசாயத்தையே மறந்துபோன தன் நாட்டுக்காக, ஒரு முஸ்லிம் ஆசிரியர் தன் ஊர் வயலைப் பற்றி எழுதிய கதையை அவர் தேர்ந்தெடுத்தார். படத்தில் வருபவர்கள் பௌத்தர்கள். லாஹுமா அங்கே போவ். ஜேஹா அங்கே ஓம். ஏழு பெண்பிள்ளைகள் அப்படியே இருக்கிறார்கள், முள்ளும் இருக்கிறது.

நாவலின் கடைசிப் பகுதியில் ஜேஹாவை அடைத்துவைக்க வீட்டுக்குள் ஒரு கூடு கட்டுகிறார்கள். கட்டுவது கொடியவர்கள் அல்லர். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்த அதே ஊரவர்கள்தான். வேறு வழி தெரியாமல் கட்டுகிறார்கள். உள்ளே இருந்து அவள் கத்துகிறாள். வெளியே பிள்ளைகள் வயலுக்குப் போகிறார்கள். ஊர், ஜமாஅத், அயலவர் என்று நாம் பெருமையாகச் சொல்லும் எல்லாமே அந்தக் கூட்டைக் கட்டிய கைகளில் இருக்கின்றன. கருணையால் செய்யப்பட்ட காரியம் என்று ஷஹ்னூன் எழுதவில்லை. கொடுமை என்றும் எழுதவில்லை. மரம் வெட்டிக் கொண்டுவந்ததையும், கட்டியதையும், அவளை உள்ளே விட்டதையும் எழுதியிருக்கிறார்.